தோளுக்குச் சொன்ன சூடும் இழுப்பும்

புதிதாகப் பணியேற்றிருக்கும் நண்பர்களே, உங்களைச் சாட்சிகளாக அழைக்கிறேன். தீர்ப்பு உங்கள் வேலையன்று. அதை நான் ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டேன். நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். நாளை உங்கள் அறைக்குள் ஒருவர் வந்து கதவைச் சாத்தச் சொல்வார். அப்போது இந்தச் சாட்சியம் உங்களுக்குத் தேவைப்படும்.

இப்படிப்பட்ட உரையை ஓய்வு பெற்றவர்கள் ஆற்றுவதுதான் நம் துறையின் மரபு. எனக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. அடுத்த மாதம் இந்த ஜார்ஜ்டவுன் இயன்முறைச் சிகிச்சையகத்தையும் இந்தத் தீவையும் விட்டு அக்கரையில் ஒரு மருத்துவமனைக்குப் போகிறேன். போகுமுன் பேசு என்றார்கள். பேசச் சொன்னால் நான் மறுத்ததில்லை. இடைநிலைப் பள்ளியிலிருந்தே சொற்போர் மேடை என் இரண்டாவது வீடு. எனக்கு எதிராக எழுந்தவர்களில் பெரும்பாலோர் நான் முடிக்குமுன்பே தம் குறிப்புகளை மடித்து வைத்திருக்கிறார்கள். பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள். ஆனால் அந்தப் பேச்சுத் திறன் நம் தொழிலில் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை ஒரு காலைப்பொழுதில் கண்டேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவரைச் செல்வம் என்று அழைப்போம். பெயரை மாற்றியிருக்கிறேன். சொல்லலாம் என்று அவரே அனுமதி தந்தார். “மத்தவனுக்காச்சும் ஆகட்டும் அண்ணே” என்றார்.

செல்வம் அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். வீடு சிம்பாங் அம்பாட்டில். மோட்டார் சைக்கிள் சறுக்கியதில் வலது தோள் அடிபட்டு, பின்பு இறுகிப்போயிற்று. சட்டைக் கையை மாட்ட இன்னொருவர் துணை வேண்டும் என்ற நிலையில்தான் என்னிடம் வந்தார். நான் தேர்ந்துகொண்ட முறை உங்களுக்குத் தெரிந்ததே: அல்ட்ராசவுண்டால் ஆழத்தில் சூடு, சூடு ஆறுமுன் இழுப்புப் பயிற்சி. வயிற்றுப் பிள்ளையைப் படம் பிடிக்கும் கருவியன்று இது; படம் காட்டாது, ஒலியலையால் உள்ளே வெப்பம் மட்டும் ஊட்டும். இதை நோயாளிக்குப் புரியவைக்க, பரோட்டாபோல் வீசிச் சுடும் ரொட்டி சானாயை வைத்து ஒரு விளக்கம் வைத்திருந்தேன். அழகான விளக்கம், கேட்டவர்கள் தலையாட்டாமல் போனதில்லை.

“ரொட்டி சானாய் மாவைப் பாத்திருப்பீங்க. ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த கையோட இழுத்தா கிழியும். இளகினப்புறம் இழுத்தா கை போற பக்கமெல்லாம் நீளும். உங்க தோள் மூட்டைச் சுத்தியிருக்கிற உறை இப்போ ஐஸ்பெட்டி மாவு. நான் இளக வைக்கிறேன். ஆறுறதுக்குள்ள இழுக்கிறேன். அது நீளும், கை மேல போகும்.”

நீண்டது. கை மேலே போயிற்று. கடைசிச் சந்திப்பன்று செல்வம் கூரை விசிறியை எட்டிப் பிடிப்பவர்போல் கையை உயர்த்திக் காட்டினார். நான் அவர் முதுகில் தட்டி, வெற்றியுரைக்குத் தயாரானேன். அவரோ சட்டையை மடியில் வைத்துக்கொண்டு எழாமல் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“இங்க வேணாம். கதவு இருக்கிற ரூமுக்குப் போவலாமா?”

நம் அறைகளில் மற்றவற்றுக்குத் திரைதான். கோடியறைக்கு மட்டும் கதவு உண்டு. அங்கே அழைத்துப்போய்ச் சாத்தினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நீங்க சொன்னீங்கள்ல, ரொட்டி சானாய் மாவு. அது தோளுக்கு மட்டும்தானா?”

“ஏன் கேக்கிறீங்க?”

“சூடாக்கி இழுத்தா எல்லாமே நீளும்தானே அண்ணே. வேற இடமும்.”

எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பிறகு கொட்டித் தீர்த்தார். இணையத்தில் கையடக்க அல்ட்ராசவுண்டு கருவி ஒன்றை வாங்கியிருக்கிறார். ஆண்குறியை அதனால் சூடாக்கி, கையால் இழுத்துப் பிடித்துப் பயிற்சி செய்தால் நீளும் என்று ஒரு காணொளி சொல்லியிருக்கிறது. அந்தக் காணொளியை அவர் நம்பியதற்குக் காரணம் காணொளியன்று, தம் தோள். என் கையால் தம் உடம்பிலேயே அது நடப்பதைக் கண்டவர் அவர். வேலை முடிந்து வந்து குளியலறையில் தாழிட்டுக்கொண்டு செய்து வந்திருக்கிறார். இப்போது மேல்பக்கத் தோலில் ஓரிடம் சிவந்து, தொட்டால் தெரியாமல் மரத்துக் கிடக்கிறது.

“யாரு உங்ககிட்ட சின்னதுன்னு சொன்னது?”

“நம்ம ஃபுட்சால் பசங்கதான். ஆட்டம் முடிஞ்சு குளிக்கிறப்ப ஒருத்தன் ஏதோ அடிச்சு விட்டான், எல்லாரும் சிரிச்சானுங்க. சும்மா கிண்டல்தான், தெரியும். ஆனா மண்டைக்குள்ள ஏறிடுச்சு லா. எறங்க மாட்டேங்குது.” சட்டையை முறுக்கினார். “அடுத்த மாசம் கல்யாணம். கட்டிக்கப்போற பொண்ணு மீனா கீழ மாமாக் டீக்கடையில உக்காந்திருக்கு. திரும்பிப் போறப்ப கார்லயே சொல்லிடப் போறேன், தள்ளி வச்சுக்கலாம்னு.”

“என்ன காரணம் சொல்வீங்க?”

“தோளுன்னுதான்.”

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “இல்ல, நீங்க செஞ்சு விடுங்க அண்ணே. உங்களுக்கு அளவு தெரியும். தோளைச் செஞ்ச அதே கைதானே? நீங்க மாட்டேன்னா நான் இன்னிக்கே வீட்டுல சூட்டைக் கூட்டி வச்சுக்குவேன். மரத்துக் கெடக்கிறதனால சூடு பத்தலைன்னு நெனைக்கிறேன்.”

சாட்சிகளே, இங்கே சற்று நில்லுங்கள். ஒருவருடைய உடம்பும் அவருடைய திருமணமும் என் அடுத்த சொல்லில் தொங்கிய கணம் இதுதான்.

அந்தக் கணத்தில் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வாலிப வயதில் அது வரும். சிரித்தால் ஃபுட்சால் மைதானத்தின் குளியலறை உங்கள் அறைக்குள் வந்துவிடும். அதை அடக்குவது கடினமன்று. அதைவிடக் கடினமானது, கண்டிக்கும் ஆசை. ‘கூடாது’ என்ற சொல்லைத் தொண்டையிலிருந்து இறக்கினால் நம் கடமை தீர்ந்தது. அவர் கதை தீராது. ஆனால் இவை இரண்டையும்விட அபாயமான ஒன்று, கருணை வேடத்தில் வரும். ‘வீட்டில் கண்டபடி சுட்டுக்கொள்வதைவிட, நம் கண்காணிப்பில், குறைந்த அளவில், ஒரேயொரு முறை வைத்துவிடலாமே, பயனில்லை என்று அவரே கண்டு விட்டுவிடுவாரே’ என்று அது காதில் பேசும். நயமான வாதம். மேடையில் அந்தக் கட்சி எனக்குக் கிடைத்திருந்தால் கோப்பையோடுதான் இறங்கியிருப்பேன்.

ஆயினும் அது தோற்க வேண்டிய கட்சி. நம் கை பட்ட அக்கணமே அது மருத்துவமாகிவிடும். காணொளிக்கு அங்கீகாரம் இல்லை, சீருடைக்கு உண்டு. நான் ஒருமுறை செய்துவிட்டால், அவர் வீட்டுக் குளியலறையில் அதன்பின் நடக்கும் அத்தனைக்கும் நான் முத்திரை குத்தியவனாவேன்.

ஆகவே உண்மையைச் சொன்னேன். தோளின் உறை தடித்த நார். எலும்பின்மேல் கட்டிய கயிறு. ஆண்குறியோ இரத்தம் நிறைந்து வடியும் மென்திசு. மெல்லிய தோல், நெருங்கிய நரம்புகள், பக்கத்திலேயே சூடு தாங்காத விரைகள். இனப்பெருக்க உறுப்புகளின்மேல் இந்தக் கருவியை வைப்பதில்லை என்பது நம் தொழிலின் முதல் பாடங்களில் ஒன்று. இப்படிச் சூடாக்கி இழுத்து நீண்டது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. காயம்பட்ட இடம் வடுவாகி ஆறினால் வளையலாம், விறைப்பே கெடலாம். இவ்வளவையும் நான் ஏற்ற இறக்கத்தோடுதான் சொன்னேன். வேறு விதமாகச் சொல்ல எனக்கு வராது.

“அண்ணே, மேடைப் பேச்சு வேணாம் லா,” என்றார் செல்வம். “முடியுமா, முடியாதா?”

“முடியாது.”

“சரி. தேங்க்ஸ்.”

எழுந்தார். சட்டையை மாட்டினார், யார் துணையும் இல்லாமல். என் சிகிச்சையின் வெற்றி அந்தச் சட்டைக் கைக்குள் புகுந்துகொண்டிருந்தது. என் வாதம் கதவுப் பிடியில் தோற்றுக்கொண்டிருந்தது. அவர் அந்தக் கதவைத் திறந்தால் காரில் ஒரு பொய்யும் வீட்டில் அதிகச் சூடும் காத்திருந்தன.

சொற்போர்ப் பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. போட்டிக்கு முன்னால் கட்சி மாற்றிப் பேசவைப்பார்கள். நீ எதிர்ப்பதை ஆதரித்து நில். உன் வாதத்தின் ஓட்டை எங்கே என்று உன் வாயே காட்டிக்கொடுக்கும். அது எனக்குக் கைவந்த பயிற்சி. நான் நாற்காலியை விட்டு எழுந்து, நோயாளிக் கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

“செல்வம், போறதுக்கு முன்னால ஒண்ணு. அந்த நாற்காலியில உக்காருங்க. இப்ப நீங்க தெரப்பிஸ்ட்டு. நான் செல்வம்.”

“என்னண்ணே, வெளையாட்டா?”

“வெளையாட்டுதான். ரொம்ப நேரம் ஆகாது.”

அரைமனதோடு உட்கார்ந்தார். சுழல் நாற்காலி, உட்கார்ந்ததும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. இருவருக்குமே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு நல்லது.

“டாக்டர்,” என்றேன்.

“டாக்டர் இல்ல, தெரப்பிஸ்ட்டு.”

“சரி தெரப்பிஸ்ட்டு. நான் வீட்டுல சூடு வச்சு இழுத்துக்கிட்டிருக்கேன். இப்போ ஓரிடம் மரத்துப்போச்சு. சூடே தெரியல. அதனால இன்னும் கூட்டி வைக்கப் போறேன். கூட்டலாம்தானே?”

“நான் எப்படி அதைச் சொல்றது?”

“நீங்க சொல்லாம வேற யாரு? தோளுக்கு நீங்கதானே கூட்டிக் கூட்டி வச்சீங்க?”

“அது வேற. தோள்ல எனக்குச் சூடு தெரிஞ்சுச்சு. நீங்களும் கேட்டுக்கிட்டே இருந்தீங்க, சுடுதா சுடுதான்னு. நான் சொன்னதும் கொறச்சீங்க.” தன் பாத்திரத்தை மறந்து செல்வமாகவே பேசத் தொடங்கிவிட்டார். நான் விடவில்லை.

“எனக்குத்தான் தெரியலையே. நல்லதுதானே? வலிக்காம வேலை நடக்கும்.”

“எப்படி நல்லது? தெரியலைன்னா எவ்வளவு சுடுதுன்னு யாருக்குத் தெரியும்? எங்க ஃபேக்டரி லைன்ல சென்சாரு போச்சுன்னா ஹீட்டரை முதல்ல ஆஃப் பண்ணுவோம். ரீடிங் இல்லாம ஹீட்டரை ஏத்துறவன் பைத்தியக்காரன். மொத்த லாட்டும் கருகிப்…”

நிறுத்தினார்.

நானும் பேசவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: எதிரே இருப்பவர் உங்கள் வாதத்தைத் தன் வாயால் சொல்லிவிட்ட பிறகு நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு சொல்லும் அதிலிருந்து கழியும். மேடையில் பேசக் கற்ற எனக்கு அந்த மௌனம் எளிதாக இல்லை. நாக்கின் நுனியில் மூன்று முத்தாய்ப்புகள் நின்றன. விழுங்கினேன்.

அவர்தான் கேட்டார். குரல் முற்றிலும் மாறியிருந்தது.

“அது திரும்பி வருமாண்ணே? உணர்ச்சி?”

“எனக்குத் தெரியாது. தெரிஞ்சவர்கிட்ட இன்னிக்கே அனுப்புறேன். நான் பாத்துச் சொல்ற காயம் இல்ல இது.”

சிறுநீரியல் மருத்துவர் ஒருவரிடம் செல்வத்தின் எதிரிலேயே தொலைபேசியில் பேசி, அன்று பிற்பகலுக்கே இடம் வாங்கினேன்.

“மீனாகிட்ட என்ன சொல்றது?”

“அது உங்க விஷயம், நான் தலையிட மாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கிறேன். கல்யாணத்தைத் தள்ளிப் போடுறதா வேணாமான்னு டாக்டரைப் பாத்தப்புறம் முடிவு பண்ணுங்க.”

கதவைத் திறந்தால் மீனா மாடிப்படியேறி வந்து நின்றுகொண்டிருந்தாள், கார்ச் சாவியை விரலில் சுழற்றியபடி.

“என்ன, தோள் இன்னும் தூங்குதா? நான் ரெண்டாவது தே தாரிக் டீயையும் முடிச்சிட்டேன்.” பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள், சாவி நின்றது. என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, ஏதாச்சும் பிரச்சினையா? இவரு ஏன் இப்படி இருக்காரு?”

செல்வத்தின் கண்கள் என்மேல் இருந்தன. பொய் சொன்னால் அவருக்கு உதவியாக இருக்கும்போல் தோன்றும். உண்மையைச் சொன்னால் அவளுக்கு. இரண்டும் என்னுடையவை அல்ல.

“தோள் நல்லாயிடுச்சு. மத்தது எதுவா இருந்தாலும் அவர்கிட்டதான் கேக்கணும், நான் சொல்லக் கூடாது.”

செல்வம் அவள் பக்கம் திரும்பினார். “டாக்டரைப் பாக்கணும் மீனா. வா, கார்ல சொல்றேன்.”

இருவரும் இறங்கிப் போனார்கள். காரில் என்ன சொல்லப்போகிறார் என்பது எனக்குத் தெரியாது. அன்று எஞ்சிய நோயாளிகளுக்கெல்லாம் குறைவில்லாமல் செய்தேன்; யாரிடமும் ரொட்டி சானாய் மாவைப் பற்றி மட்டும் பேசவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் இருவரும் ஒன்றாக வந்தார்கள். செல்வத்தின் கையில் ஒரு பெட்டி. மீனாவின் கையில் திருமண அழைப்பிதழ். அழைப்பிதழைப் பார்த்ததும் பாதி விடை கிடைத்துவிட்டது. மீதியைக் கோடியறையில், கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்கள்.

மேல்தோல் சூட்டுக்காயம்தான், ஆழமாகப் போகவில்லை என்றாராம் மருத்துவர். மருந்து போட்டு, கருவியையும் இழுப்பையும் அடியோடு நிறுத்தியதில் உணர்ச்சி திரும்பத் தொடங்கியிருக்கிறது. அளவைப் பற்றியும் கேட்டிருக்கிறார் செல்வம். எல்லாம் இயல்பான அளவுதான், நீட்டுவதற்கு இங்கே எதுவும் இல்லை என்று பதில். இந்தக் கவலையோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதே பதிலைத்தான் சொல்கிறேன் என்றாராம் மருத்துவர்.

“ஜாம்ல மாட்டிக்கிட்டப்ப சொன்னேன்,” என்றார் செல்வம். “எறங்கி ஓட முடியாதுல்ல, அதான்.”

“சிரிச்சீங்களா?” என்று மீனாவிடம் கேட்டேன்.

“முதல்ல திட்டினேன்ணே. கல்யாணத்துக்குச் சேலை எடுக்கிறதுக்கெல்லாம் என்னைக் கேட்டியே, இதுக்கு ஒரு வார்த்தை கேட்டியான்னு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அப்புறம் அழுதாரு. அப்புறம்தான் சிரிச்சோம், ரெண்டு பேரும்.”

பெட்டியை என் மேசைமேல் தள்ளினாள். “இதைத் தூக்கிப் போட மனசு வரல. எங்க அம்மா முட்டிக்கு வச்சுக்கலாமா?”

“வேணாம்!” என்றோம் நானும் செல்வமும் ஒரே குரலில்.

இங்கேயே நிறுத்தினால் இது மகிழ்ச்சியான கதை. நானும் கைதட்டலோடு இறங்கலாம். ஆனால் அவர்கள் போன பிறகு அந்தப் பெட்டி என் மேசைமேல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். ரொட்டி சானாய் விளக்கம் பிழையா? இல்லை. தோளுக்கு அது முழுக்கச் சரி. இன்றும் அதையே சொல்கிறேன். ஆனால் சரியான வாக்கியத்துக்குக் கால் முளைக்கும். நம் அறையை விட்டு இறங்கி, நாம் அனுப்பாத இடத்துக்கெல்லாம் போகும். அதை எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் இரண்டாவது வாக்கியத்தை நாம் யாருமே சொல்வதில்லை. ஏன் என்று நம் பழக்கத்தைப் பார்த்தபோது விளங்கிற்று. இந்தக் கருவியை எடுக்குமுன் பெண்களிடம் கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று கேட்கிறோம். தயங்காமல், முகம் சிவக்காமல் கேட்கிறோம். ஆண்களிடம் மட்டும் எதுவும் சொல்வதில்லை. அவர்களுக்கும் இந்தக் கருவி தொடக் கூடாத இடம் இருக்கிறது என்பது பாடப் புத்தகத்தோடு நின்றுவிடுகிறது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில், யார் பெயரையும் சொல்லாமல், இதை எழுப்பினேன். நம் தலைமைச் சிகிச்சையாளர் பாத்திமா அக்காவை உங்களுக்குத் தெரியும். எதையும் முதலில் மறுத்துவிட்டுத்தான் யோசிப்பார்.

“தம்பி, தோளு வலின்னு வந்த ஆம்பளைகிட்டப் போயி அதைப் பத்திப் பேசுவியா? எந்திரிச்சு ஓடிருவான்.”

“ஓட மாட்டாங்க அக்கா. ஓடினாலும் காதுல வாங்கிட்டுதான் ஓடுவாங்க.”

நம் சக சிகிச்சையாளர் ஒருவர் சமரசத்துக்கு வந்தார். “அங்கல்லாம் வைக்காதீங்கன்னு பொதுவாச் சொன்னாப் போதாதா?”

“எங்கல்லாம்?” என்று கேட்டேன்.

“அங்கதான்ப்பா.”

அறையே சிரித்தது. பாத்திமா அக்காவும் முக்காட்டு நுனியால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தேன்; எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது மேடை எனக்குச் சொல்லித் தந்த பாடம். ஓய்ந்ததும் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடியதாக அது எனக்குப் படவில்லை.

“இன்று முதல் இந்தக் கருவியை நான் எந்த ஆணின் உடம்பில் வைத்தாலும், அவர் கேட்குமுன்பே, உறுப்பின் பெயரைச் சொல்லியே சொல்வேன்: ‘ஐயா, இந்தச் சூடு உங்கள் தோளுக்கு மட்டும். ஆண்குறியிலும் விரையிலும் வைக்கக் கூடாது. வைத்தால் நீளாது, புண்ணாகும். அதைப் பற்றி மனத்தில் ஏதாவது கவலை இருந்தால், கதவைச் சாத்திவிட்டு என்னிடம் கேளுங்கள். நான் சிரிக்கமாட்டேன்.’”